பெண்களின் உடல் கொழுப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்குப் பின்னால் ‘கொழுப்பு என்றால் வேண்டாத சுமை’ என்ற எண்ணம் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆம்பளைங்களைவிட எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கொழுப்பு?

உடல் இயங்குவதற்குக் கட்டாயம் தேவைப்படும் கொழுப்பு என்று ஒன்று உண்டு. மூளை, நரம்புகள், எலும்பு மஜ்ஜை, உள்ளுறுப்புகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆண்களுக்கு அது உடல் எடையில் சுமார் 3 சதவீதம். பெண்களுக்கு சுமார் 12 சதவீதம். மார்பகம், இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் இருக்கும் கொழுப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சின்ன வயதில் ஆண், பெண் இருவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவம் எய்தும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, அப்போதுதான் பாதை பிரிகிறது. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் வேண்டிய ஆற்றலை உடல் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது. தாய்ப்பால் சுரக்க மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. இந்தச் சேமிப்பை உடலின் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

அப்போ எத்தனை சதவீதம் இருந்தா சரி?

அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் அட்டவணைதான் ஜிம் சுவர்களில் அதிகம் தொங்குகிறது. அதன்படி விளையாட்டு வீராங்கனைகளுக்கு 14 முதல் 20 சதவீதம், நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு 21 முதல் 24, சாதாரணமாக ஏற்கத்தக்க அளவு 25 முதல் 31. அதற்கு மேல் போனால் உடல் பருமன்.

இதைத் தோராயமான வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 27 சதவீதம் உள்ள பெண் 22 சதவீதத்துக்கு இறங்கியே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. சதவீதத்தைவிடக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் உள்ளுறுப்புக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது. தோலுக்கு அடியில், அதுவும் தொடையில் இருப்பது அந்த அளவுக்கு வம்பு செய்வதில்லை.

வீட்டு மெஷின்ல காலையில 33 சதவீதம், சாயங்காலம் 30 சதவீதம்னு காட்டுது. எதை நம்பறது?

இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த மெஷின் கொழுப்பை நேராக அளப்பதில்லை. ஒரு பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, மற்றப் பாதம் வழியாக வாங்குகிறது. தசையில் நீர் அதிகம், அதனால் மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தடை அதிகம். அந்தத் தடையோடு உங்கள் உயரம், வயது, எடையையும் சேர்த்து மெஷின் ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால், வியர்த்தால், பாதம் ஈரமாக இருந்தால், மாதவிடாய் நெருங்கினால் எண் மாறிவிடும். எக்ஸ்ரே மூலம் கொழுப்பு, தசை, எலும்பைப் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மாதாமாதம் எடுக்கும் அவசியம் யாருக்கும் இல்லை.

நான் சொல்வது இஞ்சு டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், உடையின் மேல் இல்லாமல் தோலின் மேலேயே சுற்றுங்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த முடிவில் அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளிழுத்து அளப்பவர்கள் நிறைய பேர், ஏமாறுவது அவர்களேதான். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும், 88 தாண்டினால் ஆபத்து கணிசமாகக் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் எளிய கணக்கு: இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

எடை குறைஞ்சாலும் தொடை மட்டும் குறையவே மாட்டேங்குது. ஏன்?

கொழுப்பு செல்லுக்குள் இருப்பதை வெளியே விடச் சொல்லி அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கட்டளையிடுகின்றன. அந்தக் கட்டளையை வாங்கும் ஏற்பிகள் இரண்டு விதம். பீட்டா ஏற்பி ‘விடு’ என்கிறது, ஆல்ஃபா-2 ஏற்பி ‘பிடித்து வை’ என்கிறது. பெண்களின் தொடை, பின்புறக் கொழுப்பில் ஆல்ஃபா-2 அதிகம். ஈஸ்ட்ரோஜனும் அதற்கு ஒத்தாசை. அதனால் முகம், மேல் வயிறு எல்லாம் முதலில் வற்றும், தொடை கடைசியில்தான் அசையும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் மட்டும் தொடைக் கொழுப்பு சற்றுத் தாராளமாக வெளியேறும்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே எடையுள்ள பெண்களில் வயிறு பெருத்தவர்களைவிடத் தொடை பெருத்தவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். தொடையை முதல் எதிரியாக நினைப்பது ஜீன்ஸ் விற்பவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் என்பது என் கருத்து.

வயித்துக்கு மட்டும் பயிற்சி செஞ்சா தொப்பை போகுமா?

போகாது. 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை பெரிதாக இருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிமனிலோ இரு கைகளுக்கும் வித்தியாசமே இல்லை. தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மட்டும் தண்ணீர் மொள்ள முடியாது, அதுபோலத்தான் இதுவும். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், முதுகுக்கும் நல்லது. அதற்காகச் செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: ‘கரையும் கொழுப்பு எங்கே போகிறது, வியர்வையிலா?’ இல்லை, பெரும்பாலும் மூச்சில். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. இடுப்பில் பிளாஸ்டிக் பெல்ட் கட்டி வியர்ப்பதால் போவது தண்ணீர் மட்டும்தான். ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு கிலோ ஏறிடுது. அது கொழுப்பா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நான்கைந்து நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை. ஏறியது உடலில் தேங்கிய நீரும் உப்பும். இரத்தப்போக்கு தொடங்கிச் சில நாட்களில் இறங்கிவிடும்.

அந்த வாரத்தில் பசியும் கூடும். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறி உடல் வெப்பநிலை அரை டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் கொஞ்சம் கூடுகிறது. பசி வருவது இயல்பு, அதை மன உறுதிக் குறைவு என்று நினைத்து வருந்த வேண்டாம். எடையை ஒப்பிட வேண்டுமா? போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். போன மாதவிடாய் தொடங்கி எட்டாம் நாளில் இருந்த எடையை இந்த முறை எட்டாம் நாளில் இருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டா குண்டாயிடுவேனா?

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த வழக்கமான மாத்திரைகள் பெரிய எடை ஏற்றத்தைத் தருவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. சிலருக்குத் தொடக்கத்தில் நீர் தேங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி வேறு கதை: அதில் சிலருக்கு உண்மையாகவே எடை ஏறுகிறது. முதல் ஆறு மாதத்தில் வேகமாக ஏறினால் மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவேனா?

ஆக மாட்டீர்கள். ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு இருப்பதைப்போல் சுமார் 15 மடங்கு. மேடையில் நிற்கும் பெண் பாடிபில்டர்களின் உடல் பல வருடக் கடும் உழைப்பு, சில இடங்களில் ஊசி மருந்தும். வாரத்தில் இரண்டு நாள் டம்பெல் தூக்கி யாரும் தற்செயலாக அப்படி ஆனதில்லை.

நடக்கறதா, ஓடறதா, வெயிட்டா? கொழுப்பைக் குறைக்க எது நல்லது?

60 கிலோ எடையுள்ள பெண் 5 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 200 கலோரியை ஒட்டித்தான். சில பிஸ்கட்டில் அது திரும்பிவிடும். அதனால் சாப்பாட்டைத் தொடாமல் பயிற்சியால் மட்டும் எடை குறைப்பது மெதுவான வேலை. ஆனால் பயிற்சிக்கு வேறொரு பெருமை உண்டு: எடை மெஷினில் ஒரு கிலோகூட இறங்காதபோதும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறையும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும். டேப்பில் தெரிவது மெஷினில் தெரியாமல் போவது இதனால்தான்.

ட்ரெட்மில்லில் ‘கொழுப்பு எரியும் வேகம்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மெதுவாக நடக்கும்போது எரியும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது உண்மைதான். போதாக்குறைக்கு, அதே அளவு முயற்சியில் ஆண்களைவிடப் பெண்கள் கொழுப்பை அதிகப் பங்கு எரிக்கிறார்கள். ஆனாலும் நாள் முழுவதும் சேர்த்து எவ்வளவு செலவானது என்பதே கடைசியில் எண்ணப்படும். பட்டனை மறந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நாற்பது தாண்டியவர் கேட்டால் தசைப் பயிற்சியை விடாதீர்கள் என்பேன். நடையை அன்றாட வேலைகளுக்கு நடுவே எப்படியாவது நுழைத்துவிடலாம்.

மாவுச்சத்தைக் குறைக்கணுமா, எண்ணெயைக் குறைக்கணுமா?

2018-ல் அமெரிக்காவில் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைவு, மற்றதற்குக் கொழுப்பு குறைவு. ஓராண்டு முடிவில் சராசரியாக ஒரு குழு 6 கிலோ, இன்னொன்று 5.3 கிலோ குறைந்திருந்தது. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவிலும் சிலர் நிறைய இறங்கினார்கள், சிலர் ஏறவே செய்தார்கள். எதை உங்களால் வருடக்கணக்கில் கடைப்பிடிக்க முடியுமோ அதை எடுங்கள்.

புரதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் பட்டினியால் இறங்கும் எடையில் கால் பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடையாக இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதமும் தசைப் பயிற்சியும் இருந்தால் அந்த இழப்பு குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நல்லா குறைச்சு சாப்பிடறேன், தினமும் ஓடறேன். ஒல்லியாயிட்டேன், ஆனா நாலு மாசமா பீரியட்ஸ் வரல. ஒரு விதத்துல நிம்மதிதானே?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே நான் அதிகம் கவலைப்படும் கேள்வி இதுதான். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யுங்கள், பிறகு மருத்துவரைப் பாருங்கள்.

1974-ல் ரோஸ் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர், மாதவிடாய் ஒழுங்காக வர உடலில் சுமார் 22 சதவீதம் கொழுப்பு வேண்டும் என்றார். அந்த எண் பிரபலமாகிவிட்டது, இன்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் அதைவிடக் குறைந்த கொழுப்போடு ஒழுங்காக மாதவிடாய் வரும் வீராங்கனைகளும் உண்டு, அதிகக் கொழுப்பிருந்தும் நின்றுபோனவர்களும் உண்டு. 1994-ல் கொழுப்பு செல்லிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கையிருப்பு எவ்வளவு என்பதை அது மூளைக்குச் சொல்கிறது. கையிருப்போடு அன்றாட வரவையும் மூளை பார்க்கிறது. பயிற்சிக்குப் போக மீதி ஆற்றல் சில நாள் தொடர்ந்து குறைவாக இருந்தாலே, கொழுப்பு சதவீதம் இறங்கும் முன்பே, கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு தளர்ந்துவிடுகிறது. ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனைகளில் தெரிந்தது இது.

மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் விழுகிறது, எலும்பு மெலிகிறது. இருபது வயதில் சேர வேண்டிய எலும்பு பின்னாளில் முழுதாகச் சேராமல் போகலாம். காலில் ஆறாத நுண் எலும்புமுறிவோடு வரும் ஓட்டக்காரப் பெண்களிடம் நான் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி இல்லை, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்பதைத்தான். சர்வதேச ஒலிம்பிக் குழுவும் 2014-ல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்தது. மருந்து பெரும்பாலும் எளியது: அதிகம் சாப்பிடுவது, கொஞ்சம் ஓட்டத்தைக் குறைப்பது. மாத்திரை போட்டு இரத்தப்போக்கை வரவழைப்பதால் மூலக்காரணம் தீராது.

சரி, எவ்வளவு சாப்பிட்டா அந்த எல்லைக்குக் கீழே போகாம இருப்பேன்?

55 கிலோ எடை, 25 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கலான எடை சுமார் 41 கிலோ. சாப்பிட்ட கலோரியில் பயிற்சியில் செலவானதைக் கழித்து, மீதியை 41-ஆல் வகுங்கள். 45-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 30-க்குக் கீழே நாட்கணக்கில் போனால் மேலே சொன்ன தொல்லை தொடங்கலாம். ஒருவர் 1,400 கலோரி சாப்பிட்டு 400 கலோரிக்கு ஓடுகிறார்: மீதி 1,000, வகுத்தால் 24. ‘1,400 கலோரி டயட்’ என்பது கேட்க மிதமாக இருக்கிறது, ஆனால் இவருக்கு அது பட்டினி. எடை குறைக்க நினைப்பவர்கள் 30-க்கும் 45-க்கும் நடுவில் எங்காவது நின்றுகொள்ளுங்கள்.

எனக்கு பிசிஓஎஸ் இருக்கு. எடை குறையவே குறையாதுன்னு சொல்றாங்க. உண்மையா?

கடினம், ஆனால் முடியாததில்லை. பிசிஓஎஸ் (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடல் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது, அது கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்களை ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது, கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும்.

நல்ல செய்தி, இலக்கு சிறியது. 5 முதல் 10 சதவீதம் எடை இறங்கினாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகத் தொடங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோதான். ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் ‘எடையைக் குறை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குத் தசைப் பயிற்சியும் தூக்கமும்தான் முதலில். மாதவிடாய் வராததற்குப் பிசிஓஎஸ் காரணமா, முந்தைய இரண்டு கேள்விகளில் பார்த்த பற்றாக்குறை காரணமா என்பதும் முக்கியம். இரண்டுக்கும் மருத்துவம் எதிரெதிர்த் திசை.

தைராய்டு இருக்கறதாலதான் 15 கிலோ ஏறிடுச்சா?

தைராய்டு குறைவு மட்டும் ஏற்றும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு அளவு சரியானதும் அது இறங்கும். மீதி பத்துக் கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு சரியாக இருக்கும்போது எடைக்காக அந்த மாத்திரையைப் போடுவது இதயத்துக்கும் எலும்புக்கும் ஆபத்து.

நாற்பத்தஞ்சுக்கு மேல சாப்பாடு மாறல, ஆனா வயிறு மட்டும் வந்துடுச்சு. மெட்டபாலிசம் செத்துப்போச்சா?

2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவைப் பார்த்தது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய மாறவே இல்லை. நடுவயதில் குறைவது தசையும் நடமாட்டமும்.

இடம் மாறுவதற்குக் காரணம் ஹார்மோன். கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வருடம் முன்பு கொழுப்பு சேரும் வேகம் கூடி, தசை குறையத் தொடங்கி, அதற்குப் பின் இரண்டு வருடம் கழித்துதான் நிலைப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் விலகியதும் தொடைக்குப் போய்க்கொண்டிருந்தது வயிற்றுக்குப் போகிறது. எடை அதே 62 கிலோவாக இருக்கும், புடவையோ பேண்டோ இடுப்பில் இறுகும். இந்த வயதில் மெஷினைவிட டேப்தான் உண்மை சொல்லும்.

மெனோபாஸ் ஆனப்புறம் கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் சுரக்குமாமே? அப்போ கொஞ்சம் குண்டா இருக்கறது நல்லதுதானே?

பாதி உண்மை. கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சூலகம் ஓய்ந்த பிறகு பெரும்பாலும் அதுதான் வழி. மிகவும் மெலிந்த பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் அதிகம் என்பதும் சரி. ஆனால் கொழுப்பு மிகுந்தால், அதே ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்ற பிறகு கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள்.

இடுப்புக்கு மேல ஒல்லி, கீழே ரெண்டு மடங்கு. என்ன டயட் இருந்தாலும் கால் இறங்கல, தொட்டா வலிக்குது. இதுவும் ஈஸ்ட்ரோஜன்தானா?

தொட்டால் வலி, லேசாக இடித்தாலும் கன்றிப்போவது, இரு கால்களும் ஒரே மாதிரி பருத்து கணுக்காலில் வளையம் போட்டதுபோல் நின்று பாதம் மட்டும் மெலிவாக இருப்பது: இவை சேர்ந்து இருந்தால், கால்களில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் லிபிடீமா என்ற நோயாக இருக்கலாம். 1940-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட நோய் இது, கிட்டத்தட்டப் பெண்களுக்கு மட்டும் வருகிறது. பருவம் எய்துதல், கர்ப்பம், மெனோபாஸ் சமயங்களில் தலைகாட்டும். தொடைக் கொழுப்பு பற்றி மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. வெறும் பருமன் என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், இந்தப் பெயரைச் சொல்லி இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போ வாராவாரம் ஊசி போட்டா எடை குறையுதாமே? நானும் போடலாமா?

பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் என்ற ஊசியைப் பற்றி 2021-ல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக சுமார் 15 சதவீதம் எடை இறங்கியது. அதுவரை வந்த மருந்துகளோடு ஒப்பிட்டால் பெரிய விஷயம். உடல் பருமனோடு சர்க்கரையோ இதயக் கோளாறோ உள்ளவருக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குள் நான்கு கிலோ இறக்க வேண்டும் என்பவருக்கு வேண்டாம் என்பேன். இறங்குவதில் கணிசமான பங்கு தசை, நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. போடுபவர்கள் பசி இல்லை என்று புரதத்தையும் தசைப் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது.

குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடை இறங்கும்போது கருமுட்டை திடீரென ஒழுங்காக வெளியாகத் தொடங்கி, எதிர்பாராமல் கர்ப்பமானவர்கள் உண்டு. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கக்கூடும். அதைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் இதை நீங்களாகவே கேளுங்கள்.